மஞ்சள் நூலை நான் பார்த்தேன்

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் உங்களுக்கு இரண்டு பயங்கள் இருக்கும். ஊசி குத்தும்போது நரம்பு கிடைக்குமா என்பது ஒன்று. வார்டு சிஸ்டர் இன்னொன்று. நரம்புப் பயம் ஆறு மாதத்தில் போய்விடும். சிஸ்டர் பயம் அவ்வளவு லேசில் போகாது, நீங்களே சிஸ்டர் ஆனால்தான் போகும். நான் சொல்ல வந்தது மூன்றாவது ஒரு பயம், கவனக்குறைவைப் பற்றியது. அது வேலை நன்றாகப் பழகிய பிறகுதான் வர வேண்டும். ஆனால் பழகிய பிறகுதான் நாம் பயப்படுவதையே விட்டுவிடுகிறோம்.

ஜார்ஜ்டவுனில் முப்பத்து நான்கு வருடம் தாதியாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். எந்த மருத்துவமனை என்று கேட்காதீர்கள். கீழே வருகிறவர்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். என் தவறை மட்டும் மாற்றவில்லை.

கவனக்குறைவு என்று சொன்னதுமே உங்களுக்கு வயிற்றுக்குள் கத்தரிக்கோலை வைத்துத் தைத்த கதைதான் ஞாபகம் வரும். அதையெல்லாம் செய்தித்தாள் பார்த்துக்கொள்ளும். நான் கண்ட கவனக்குறைவுகளில் பாதிக்கு மேல் கெட்டிக்காரர்கள் செய்தவை, நோயாளிமேல் உண்மையான பிரியம் வைத்திருந்தவர்கள் செய்தவை. பிரியம் இருந்தால் கவனமும் தானாக இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானைகூட இல்லை, ஆனாலும் என்னை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பயத்தைத் தெளிய வைக்கிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நிபோங் திபால் பக்கம் பைராம் தோட்டத்திலிருந்து ஓர் அண்ணன் காலில் சீழ் பிடித்த காயத்தோடு வந்தார். மருந்து ஏற்றுவதற்கு முன் ஒவ்வாமை உண்டா என்று இரண்டு விதமாகக் கேட்டேன். "ஊசி மருந்தெல்லாம் நமக்குத் தண்ணி மாதிரி மிஸ்ஸி" என்று சிரித்தார். பழைய கோப்பையும் புரட்டிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. மருந்து இறங்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவருக்கு உதடு வீங்கி மூச்சு இழுத்தது. பக்கத்திலேயே நின்றிருந்ததால் உடனே நிறுத்தி டாக்டரைக் கூப்பிட்டேன், பிழைத்துக்கொண்டார். நான்தான் ஒரு வாரம் சோறு இறங்காமல் திரிந்தேன். கடைசியில் அந்த டாக்டரே கூப்பிட்டு, உனக்கு முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். கேட்க வேண்டியதைக் கேட்டாயா, பார்க்க வேண்டியதைப் பார்த்தாயா, பக்கத்தில் இருந்தாயா என்றார். ஆமாம் என்றேன். அப்படியானால் போய்ச் சாப்பிடு என்று அனுப்பிவிட்டார்.

நியாயமான கவனம் என்பது அவ்வளவுதான். சட்டம் உங்களைக் கடவுளாக இருக்கச் சொல்வதில்லை. உங்கள் இடத்தில், உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தெரிந்த, ஒழுங்காகப் பயிற்சி பெற்ற ஒரு சாதாரணத் தாதி என்ன செய்திருப்பாளோ அதைச் செய்யச் சொல்கிறது. 'உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தெரிந்த' என்கிற அந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

அது தைப்பூசத்துக்குச் சில வாரங்கள் முன்பு. பெண்கள் வார்டில் ரோஸ்னாவும் நானும் ஒரே ஷிப்ட். எட்டு வருடமாகச் சேர்ந்து வேலை செய்தோம். அவள் மலாய்க்காரப் பெண், என் வயதுதான், கை சுத்தம், வாய் குறைவு. தமிழில் அவளுக்கு 'வலிக்குதா', 'தண்ணி வேணுமா' என்ற இரண்டும்தான் தெரியும். தமிழ் மட்டுமே பேசுகிற அம்மாக்கள் படுக்கையில் இருந்தால் அவளுக்கு நாக்கு நான்தான். சிறுநீரக நோயாளிகளைப் பராமரிக்கும் சிறப்புப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவளுடைய வீட்டுக்காரர் விபத்துக்குப் பிறகு வேலைக்குப் போக முடியாமல் இருந்தார், மூன்று பிள்ளைகள். அந்தப் பயிற்சிக்குத்தான் குடும்பமே காத்திருந்தது.

அந்த வாரம் ரோஸ்னாவின் பொறுப்பில் பாக்கியம் அம்மா என்று ஒருவர் இருந்தார். பாகான் டாலாமிலிருந்து வந்தவர், வயது அறுபதை ஒட்டி. சர்க்கரை நோய், பாதத்தில் ஆறாத புண். மகள் மாக் மண்டினில் தொழிற்சாலை வேலை. வேலை முடிந்ததும் ஃபெர்ரி ஏறி வந்து அம்மாவைப் பார்ப்பாள், அதட்டுவாள், தலை வாரிவிடுவாள், போய்விடுவாள். அம்மாவுக்குத் தினமும் காலையில் பசியாறுவதற்கு முன் இன்சுலின் ஊசி. போட்டால் கண்டிப்பாகச் சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் சர்க்கரை கீழே இறங்கி ஆள் மயங்கிவிடுவார். இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அன்று காலை ரோஸ்னா ஊசியோடு வந்தாள். இன்சுலினை இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும் என்பது விதி, அதனால் நானும் நின்றேன். உணவுத் தட்டு ஏற்கெனவே மேசையில் இருந்தது. ரொட்டி, அவித்த முட்டை, குடிக்க மைலோ. பெயர்ப் பட்டையைப் பார்க்க அம்மாவின் இடது கையைத் தூக்கினேன். பட்டைக்குக் கீழே மஞ்சள் தடவிய புது நூல் ஒன்று கட்டியிருந்தது.

முந்தைய நாள் அது இல்லை. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, காப்புக் கட்டியிருக்கிறார். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டிருக்கிறார், விரதம் தொடங்கிவிட்டது. நம்மில் பலர் எப்படி இருப்பார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். ஒரு வேளைதான் சாப்பாடு, முட்டை பட்ட தட்டைத் தொட மாட்டார்கள். நானே அந்த நாட்களில் விரதம்தான். ஆஸ்பத்திரி கேன்டீனில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வீட்டிலிருந்து பாட்டில் கொண்டுவருகிறவள்.

பாக்கியம் அம்மா கையை மெல்ல இழுத்துக்கொண்டு போர்வைக்குள் வைத்துக்கொண்டார். என்னை ஒரு பார்வை பார்த்தார். கேட்காதே என்றது அந்தப் பார்வை. நேர்ந்துகொண்டதை வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது என்பது நம்மவர்களின் நம்பிக்கை. பக்கத்துக் கட்டிலில் ஆள் இருக்கிறது, துணைக்கு வந்தவர்கள் வேறு உட்கார்ந்திருக்கிறார்கள். இத்தனை பேர் நடுவில் ஒரு பெண்ணின் வேண்டுதலைத் துருவுவது எனக்குப் பாவமாகப் பட்டது.

ரோஸ்னா என்னிடம், ஊசி போட்ட உடனே முழுக்கச் சாப்பிட வேண்டும் என்று சொல்லு, சாப்பிடுவாரா என்று கேளு என்றாள். நான் கேட்டேன்.

"சாப்பிடுறேன் மிஸ்ஸி. நீங்க போங்க லா, வேலையப் பாருங்க" என்றார் அம்மா.

சாப்பிடுவாராம் என்று ரோஸ்னாவிடம் சொன்னேன். அவள் ஊசியைப் போட்டாள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அதற்குள் எதிர்க் கட்டிலில் வாந்தி. நான் அங்கே ஓடினேன்.

பிறகு ரோஸ்னா வந்து பார்த்திருக்கிறாள். தட்டு காலியாக இருந்தது. சாப்பிட்டார் என்று குறித்திருக்கிறாள். ரொட்டியும் முட்டையும் பிளாஸ்டிக் பைக்குள், அலமாரி இழுப்பறையில் இருந்தது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. மைலோ கைகழுவும் தொட்டிக்குப் போயிருந்தது. அம்மா எல்லாவற்றையும் பக்குவமாகச் செய்திருந்தார்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கழிவறை வாசலில் பெரிய சத்தம். ரோஸ்னாதான் முதலில் ஓடினாள். அம்மா தரையில் கிடந்தார். உடம்பெல்லாம் வேர்வை, பேச்சு குழறியது, எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை. சர்க்கரை அடிமட்டத்தில் இருந்தது. ரோஸ்னா பதறாமல் செய்ய வேண்டியதைச் செய்தாள், டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார், அம்மா கண் விழித்தார். இடது மணிக்கட்டு உடைந்திருந்தது.

கை வீங்க வீங்க அந்த நூல் சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வெட்டினால்தான் கட்டுப் போட முடியும். நீ தமிழ்ப் பெண், நீயே சொல்லி வெட்டிவிடு என்று டாக்டர் என்னிடம் கத்தரிக்கோலைக் கொடுத்தார்.

"அவுக்காதம்மா" என்றார் பாக்கியம் அம்மா. வலிக்கு அழாதவர் அப்போது அழுதார்.

அவிழ்க்கவில்லை, இந்தக் கைக்கு மாற்றிக் கட்டுகிறேன் என்று சொன்னேன். வெட்டினேன். மிச்சத்தை வலது கையில் சுற்றி முடிச்சுப் போட்டேன். அப்படிச் செய்யலாமா என்று சாஸ்திரம் தெரிந்தவர்களைத்தான் கேட்க வேண்டும். எனக்கு அந்த நேரத்தில் வேறு வழி தெரியவில்லை. முடிச்சுப் போடும்போது அம்மா என் காதருகே சொன்னார்.

"நீ காலையிலேயே பாத்துட்ட. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். நம்ம புள்ள நீ, உனக்கு ஒண்ணும் வரக்கூடாது."

என்னைக் காப்பாற்றுவதற்காகத்தான் அதைச் சொன்னார். அந்த நிமிடம்வரை நான் என்னை ஒரு சாட்சியாகத்தான் நினைத்திருந்தேன்.

மகள் அன்று மாலை வந்து போட்ட சத்தம் நியாயமான சத்தம். நடந்து வந்த அம்மாவைக் கையை உடைத்துப் படுக்க வைத்திருக்கிறீர்களே, ஊசி போட்டது யார் என்று கேட்டாள். ஏட்டில் ரோஸ்னாவின் பெயர் இருந்தது. சாப்பிட்டார் என்று எழுதியதும் அவள் கைதான். புகார் மேலே போயிற்று. விசாரணை முடியும்வரை ரோஸ்னாவை வார்டிலிருந்து எடுத்துச் சாமான் அறைக்கு அனுப்பினார்கள். பயிற்சிக்கு அவள் பெயரை நிறுத்தி வைத்தார்கள். போகும்போது அவள், தன் கட்டில்களில் யாருக்கு என்ன மருந்து, யார் எந்தப் பக்கம் திரும்பிப் படுக்க வேண்டும் என்பதை மட்டும் ஒரு தாளில் எழுதி என் கையில் கொடுத்தாள்.

என்னிடமும் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். எழுதினேன். 'சாப்பிட வேண்டும் என்று நோயாளிக்குத் தமிழில் விளக்கினேன். சாப்பிடுவதாகச் சொன்னார். அதை ரோஸ்னாவிடம் தெரிவித்தேன்.' மூன்று வாக்கியமும் சத்தியமான உண்மை. படித்துப் பார்த்த சிஸ்டர், நல்ல தெளிவாக எழுதியிருக்கிறாய் என்றார். நாலைந்து நாட்கள் அந்தப் பாராட்டோடு திரிந்தேன். அந்த நாட்களைப் போல நான் எப்போதும் என்னை வெறுத்ததில்லை.

எனக்குள்ளே பெரிய வக்காலத்து நடந்துகொண்டிருந்தது. ஊசி நான் போடவில்லை. என் நோயாளி இல்லை. அம்மா பொய் சொன்னதற்கு நான் என்ன செய்ய முடியும்? தட்டு காலியானதைப் பார்க்க வேண்டியது அவள்தான். இதெல்லாம் உங்களுக்கும் ஒரு நாள் தோன்றும், அதனால்தான் சொல்கிறேன். வாதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நூலைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். ரோஸ்னாவுக்கு அது மஞ்சள் நிறத்தில் ஒரு கயிறு. எனக்கு அது, இந்த அம்மா சாப்பிட மாட்டார் என்று எழுதி ஒட்டிய சீட்டு. மொழிபெயர்க்கிறேன் என்று நடுவில் நின்ற உடனேயே அந்த நோயாளி என் பொறுப்பிலும் வந்துவிட்டார். வார்த்தையை மட்டும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போட்டுவிட்டு, தெரிந்ததை வைத்துக்கொண்டேன்.

விசாரணைக்கு முந்தைய நாள் பாக்கியம் அம்மாவின் கட்டிலுக்குப் போனேன். நாளைக்கு நூலைப் பற்றிச் சொல்லப்போகிறேன், உங்கள் வேண்டுதல் நாலு பேருக்குத் தெரிந்துவிடும், மன்னிக்க வேண்டும் என்றேன். அவருக்குக் கோபம் வந்தது. அந்த மலாய்க்காரப் பெண்ணை எச்சரித்து விட்டுவிடுவார்கள், நீ ஏன் வலியப் போய்த் தலையைக் கொடுக்கிறாய் என்றார். அந்தப் பெண்ணின் வீட்டு நிலைமையைச் சொன்னேன். மூன்று பிள்ளைகள் என்றதும் கோபம் இறங்கியது. பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார். போன வருடம் மகளுக்கு மார்பில் ஒரு கட்டி வந்து, பயப்படும்படி ஒன்றும் இல்லை என்று ஆனதாம். அதற்கு நேர்ந்த பால்குடம். மகளுக்குத் தெரிந்தால், சர்க்கரையை வைத்துக்கொண்டு விரதமா என்று திட்டுவாள், அதனால் நாத்தனாரை நூல் கொண்டுவரச் சொல்லி யாருக்கும் தெரியாமல் கட்டிக்கொண்டாராம்.

"சொல்லிரு மிஸ்ஸி. மலாய்க்காரப் புள்ளனாலும் பெத்தவதானே" என்றார்.

விசாரணை அறையில் மேட்ரன், ஒரு மூத்த டாக்டர், நிர்வாகத்திலிருந்து ஒருவர். ரோஸ்னா ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நோயாளி பட்டினி என்பதைத் தெரிந்துகொள்ள ரோஸ்னாவுக்கு ஏதாவது வழி இருந்ததா என்று டாக்டர் பொதுவாகக் கேட்டார். சட்டம் கேட்கும் கேள்வியும் அதுதான். நான் எழுந்தேன்.

"ஒரே வழிதான் இருந்தது டாக்டர். நான் சொல்லியிருக்கணும். நூலப் பாத்தேன், விரதம்னு தெரிஞ்சது, சொல்லல."

மேட்ரன் என் விளக்கக் கடிதத்தை எடுத்து, இதில் அது இல்லையே என்றார். இல்லை, வேண்டுமென்றேதான் விட்டேன் என்றேன். ரோஸ்னா பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எனக்கு வரவிருந்த சிஸ்டர் பதவி வேறொருவருக்குப் போயிற்று, எனக்கு அது கிடைக்க மேலும் மூன்று வருடம் ஆனது. ரோஸ்னாவைச் சும்மா விட்டுவிடவில்லை. சாப்பிடுவதைக் கண்ணால் பார்க்காமல் குறித்ததற்கு வாய்மொழியாகக் கண்டித்தார்கள். ஆனால் வார்டுக்குத் திரும்பினாள், பயிற்சிக்கும் அவள் பெயர் திரும்ப வந்தது. நான் வாங்கியது அதிகம் என்று இன்றுவரை எனக்குத் தோன்றியதில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். நான் அம்மாவை விரதம் இருக்கவிடாமல் செய்திருக்க வேண்டியதில்லை. ரோஸ்னாவின் காதில் விஷயத்தைப் போட்டுவிட்டு டாக்டருக்கு ஒரு போன் அடித்திருந்தால் போதும். ஊசியின் நேரத்தை மாற்றியிருப்பார், அளவைக் குறைத்திருப்பார், முட்டை இல்லாத தட்டுக்கு நானே சமையலறைக்குச் சொல்லியிருப்பேன். அம்மாவிடம் திரையை இழுத்துவிட்டு ரகசியமாகக் கேட்க இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். இதில் எதுவும் எனக்குத் தெரியாதது அல்ல, சக்திக்கு மீறியதும் அல்ல. அதனால்தான் அதற்குப் பெயர் கவனக்குறைவு. பைராம் தோட்டத்து அண்ணனுக்கு நடந்தது விபத்து.

விசாரணை முடிந்த அன்று மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் ரோஸ்னா எனக்காகக் காத்திருந்தாள். நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம், உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன். அன்று காலையிலேயே ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டாள். நான் நீளமாகச் சொன்னேன். காப்பு என்றால் என்ன, நேர்ந்துகொண்டதை ஏன் வெளியே பேசக் கூடாது, அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை என்று எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், இதெல்லாம் எங்கள் சமயத்துச் சமாச்சாரம், உனக்குச் சொன்னாலும் புரியாது என்று நினைத்துவிட்டேன் என்றேன்.

அவள் போட எடுத்த தலைக்கவசத்தைத் திரும்ப வண்டிமேல் வைத்தாள்.

"எங்கம்மாவுக்கும் சர்க்கரைதான். பூவாசா மாசத்துல டாக்டர் நோன்பு வேணாம்னு சொன்னாலும் இருப்பாங்க. என்கிட்ட சாப்பிட்டேன்னு சொல்லுவாங்க, தட்டையும் கழுவி வச்சிருவாங்க. வருஷா வருஷம் நான்தான் டாக்டரக் கேட்டு ஊசிய மாத்திப் போடுறேன். நீ 'பூவாசா'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, ஊசிய அங்கேயே கீழ வச்சிருப்பேனே."